கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கும் தர்மவான்களைப் பற்றி நம் நாட்டார் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். தேங்காய் கடைக்காரனுடையது, புண்ணியம் உடைத்தவனுடையது. உள்ளூர் விவகாரங்களில் இத்தகையோரைக் கண்டால் நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். ராஜ்ய விவகாரங்களில் இதே தர்மம் நடக்கும்பொழுது சிரிப்பதற்கு இடமில்லை. அங்கே உடைபடுவது ஒரு தேசத்தாரின் சுதந்திரம். உடைப்பதற்கு முதலில் நீளும் கை பெரும்பாலும் பத்திரிகைக்காரரின் கை. வல்லரசு ஒன்று தன் நேசத்தை நம்பியிருக்கும் சிறு நாட்டை நோக்கி "விட்டுக் கொடு" என்று கட்டளையிடுவதற்கு முன்பாகவே, அவ்வல்லரசின் பத்திரிகைகள் "விட்டுக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டு வைக்கின்றன. கேள்வி பழகிப் போன பிறகு கட்டளை கொடுமையாகத் தோன்றுவதில்லை.

இதற்கு 1938-ம் வருஷத்துச் செக்கோஸ்லோவேகியாவின் கதையைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் வேறில்லை. பழங்கதைதானே என்று வாசகர்கள் இதைத் தள்ளிவிட வேண்டாம். பத்திரிகை படிக்கும் ஒவ்வொருவரும், அவர்களைவிட அதிகமாகப் பத்திரிகை நடத்தும் நம் போன்றவர்களும், நினைவில் வைத்திருக்க வேண்டிய கதை இது.

நேசத்தை நம்பிய நாடு

முதல் உலக மகாயுத்தத்தின் முடிவில், 1918-ம் வருஷம் அக்டோபர் 28-ந் தேதி செக்கோஸ்லோவேகியக் குடியரசு பிறந்தது. அதன் முதல் தலைவர் தாமஸ் மாசரிக் என்னும் தத்துவ ஆசிரியர். அவருடைய சிஷ்யரும் நெடுங்கால வெளிநாட்டு மந்திரியுமான எட்வர்ட் பெனேஷ் 1935-ம் வருஷத்தில் அவருக்குப் பின் தலைவரானார். சுமார் 1½ கோடி ஜனங்களைக் கொண்ட அந்நாட்டில், அக்கம்பக்கத்து ராஜ்யங்களெல்லாம் ஒவ்வொன்றாக யதேச்சாதிகாரத்தில் விழுந்த காலத்திலும், தேர்தலும் பார்லிமெண்டும் உயிரோடிருந்தன. ஆயுத உற்பத்தியில் பேர்பெற்ற ஸ்கோடா தொழிற்சாலை அங்கே இருந்தது. ஜெர்மன் எல்லையிலுள்ள மலைகள் இயற்கை அரண்களாக நின்றன; அவற்றின் மீது பெருஞ்செலவில் கோட்டைகளும் கட்டப்பட்டிருந்தன.

இவற்றையெல்லாம்விட அந்நாடு நம்பியது பிரான்ஸின் வாக்குறுதியை. 1924-ம் வருஷத்தில் நேச உடன்படிக்கை ஒன்றும், 1925-ல் பரஸ்பர உதவி உடன்படிக்கை ஒன்றும் இரு நாடுகளுக்குமிடையே கையெழுத்தாயின. செக்கோஸ்லோவேகியாவை ஜெர்மனி தாக்கினால் பிரான்ஸ் துணைக்கு வரவேண்டும் என்பது ஒப்பந்தம். 1935-ல் சோவியத் ரஷ்யாவுடன் ஏற்பட்ட உடன்படிக்கையோ, பிரான்ஸ் முதலில் உதவினால்தான் ரஷ்யாவும் உதவும் என்று நிபந்தனை விதித்தது. ஆக, எல்லாப் பூட்டுக்களுக்கும் சாவி பாரிஸில் இருந்தது. பிரிட்டன் அந்நாட்டுக்கு நேரான வாக்குறுதி எதையும் கொடுக்கவில்லை. ஆனால் பிரிட்டன் இல்லாமல் யுத்தத்தில் இறங்கப் பிரான்ஸ் துணியவில்லை. ஆகவே, பாரிஸின் சாவி லண்டனில் இருந்தது. ஒரு சிறு நாட்டின் அந்நிய நாட்டுக் கொள்கை, அது உடன்படிக்கையே செய்துகொள்ளாத ஒரு தலைநகரில் நிச்சயிக்கப்படும் நிலை இவ்வாறு ஏற்பட்டது.

செக் மக்கள் குற்றமே செய்யாதவர்கள் என்று நாம் வாதிக்க வரவில்லை. எல்லைப் பிரதேசங்களில் வசித்த 30 லட்சத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியரை அவர்களுடைய சம்மதம் கேளாமலே புதிய ராஜ்யத்தில் சேர்த்தார்கள். சர்க்கார் உத்தியோகங்களிலும் பாஷை விஷயத்திலும் அவர்களுக்குக் குறைகள் இருந்தன. 1930-க்குப் பின் வந்த தொழில் மந்தத்தில் அப்பிரதேசங்களே அதிகமாக அடிபட்டன. இக்குறைகள் மெய்யானவை, தீர்க்கத் தக்கவை. ஆனால் ஹிட்லருக்கு வேண்டியது குறைகள் தீர்வதன்று. 1938-ம் வருஷம் மார்ச் மாதத்தில் ஆஸ்திரியாவை விழுங்கியபின், ஸுடேட்டன் ஜெர்மன் கட்சித் தலைவரான ஹென்லைனை அவர் வரவழைத்து, செக் சர்க்கார் ஒப்புக்கொள்ளவே முடியாத கோரிக்கைகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும்படி உபதேசித்தார் என்பது யுத்தத்துக்குப் பின் அகப்பட்ட ஜெர்மன் தஸ்தாவேஜுகளால் வெளியாயிற்று. ஏப்ரல் மாதத்தில் ஹென்லைன் வெளியிட்ட திட்டத்திலும் சுயாட்சிதான் கேட்கப்பட்டதே தவிர, பிரிவினை வெளிப்படையாகக் கேட்கப்படவில்லை. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஆகஸ்டு 3-ந் தேதி ரன்ஸிமன் பிரபு மத்தியஸ்தர் என்ற பெயரில் லண்டனிலிருந்து பிராகா நகரம் வந்து சேர்ந்தார். விட்டுக் கொடுக்கும்படி செக் சர்க்காரை நாளுக்கு நாள் நெருக்கினார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் பெனேஷ், ஸுடேட்டன் கட்சியின் பிரதிநிதிகளை அழைத்து, வேண்டுவதையெல்லாம் எழுதும்படியும், எழுதியதைத் தாம் ஒப்புக்கொள்வதாகவும் கூறிவிட்டார். கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். கேட்டது கிடைத்துவிட்டால் சண்டைக்குக் காரணம் ஏது? தெருச் சச்சரவு ஒன்றைச் சாக்காகக் காட்டி, செப்டம்பர் 7-ந் தேதி அவர்கள் பேச்சை முறித்துக்கொண்டார்கள்.

தலையங்கம் செய்த வேலை

அதே செப்டம்பர் 7-ந் தேதி காலையில் லண்டன் "டைம்ஸ்" பத்திரிகையில் ஒரு தலையங்கம் வெளியாயிற்று. அந்நியர் வசிக்கும் ஓரப் பிரதேசங்களைப் பிரித்துவிட்டுச் செக்கோஸ்லோவேகியாவை ஒரே இனத்தார் வாழும் நாடாகச் செய்துகொள்ளலாம் என்ற யோசனை சில வட்டாரங்களில் ஆதரவு பெற்றிருக்கிறது என்றும், அதை அடியோடு ஒதுக்கிவிட வேண்டுமா என்பதைச் செக் சர்க்கார் ஆலோசிப்பது நலம் என்றும் அதில் எழுதியிருந்தது. மிகவும் பணிவான வார்த்தைகள். ஆலோசனை தவிர வேறில்லை. ஆனால் அந்த ஓரப் பிரதேசங்களில்தான் மலைகள் இருந்தன. மலைகளின் மீதுதான் கோட்டைகள் இருந்தன. அவற்றைக் கொடுத்துவிட்டு மிஞ்சிய நாட்டைக் காப்பது, கதவையும் தாழ்ப்பாளையும் திருடனிடம் கொடுத்துவிட்டு உள்ளே படுத்துத் தூங்குவதற்கு ஒப்பாகும்.

திருடன் வாய்விட்டுக் கேளாததை ஊர்ப் பெரியவர் எடுத்துக் கொடுக்க முன்வந்த விந்தையை என்னவென்பது! "சில வட்டாரங்கள்" என்று எழுதினார்களே, அவை எவை? யோசனைக்குச் சொந்தக்காரர் யார்? அவர் பெயரை ஏன் வெளியிடவில்லை? பத்திரிகைத் தொழிலில் பழகிய நமக்கு இந்தத் தந்திரம் புதிதன்று. தாம் சொல்ல நினைப்பதைத் தாமே சொன்னால் பழி வரும் என்று அஞ்சுகிறவர்கள், "சிலர் கருதுகிறார்கள்" என்று எழுதுவார்கள். மறுநாள் மற்றப் பத்திரிகைகள் அதை எடுத்து விவாதிக்கும். மூன்றாம் நாள் அது பொதுஜன அபிப்பிராயமாகிவிடும்.

"டைம்ஸ்" பத்திரிகையை உலகம் பிரிட்டிஷ் சர்க்காரின் வாயாகவே கருதி வந்தது. பெர்லினிலும் பிராகாவிலும் அன்று அத்தலையங்கத்தை அவ்வாறே படித்தார்கள். இது சர்க்காரின் கருத்தன்று என்று பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகா அன்றைய தினமே மறுப்பு வெளியிட்டது. இலாகா அதிகாரிகள் கொதித்தார்கள். ஆனால் இலாகாவின் மந்திரியாகிய ஹாலிபாக்ஸ் பிரபு அன்று பகலில் "டைம்ஸ்" ஆசிரியர் ஜெப்ரி டாஸனுடன் சேர்ந்து உணவருந்தினார். அதிகாரிகளுக்கு வந்த கோபம் மந்திரிக்கு வரவில்லை என்பதை டாஸன் தமது நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். மறுப்புக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஹிட்லர் கணக்கிட்டுக் கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்?

டாஸன் விலைக்கு வாங்கப்பட்டவர் அல்லர். இதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கூலிக்கு எழுதுகிறவனால் விளையும் கேடு சிறிது. அவனை ஜனங்கள் சீக்கிரம் கண்டுகொள்வார்கள். டாஸன் தம் தேசத்துக்கு நன்மை செய்வதாக மனமார நம்பியவர். ஜெர்மானியரின் மனத்தைப் புண்படுத்தக்கூடியது எதுவும் பத்திரிகையில் வராதபடி இரவு தோறும் தாம் பாடுபடுவதாக 1937-ம் வருஷம் மே மாதத்தில் தமது நிருபர் ஒருவருக்கு அவர் கடிதம் எழுதினார். வலியவனின் மனம் புண்படாமல் காக்க இரவெல்லாம் கண்விழித்தவருக்கு, எளியவனின் உடல் புண்படும் என்ற நினைவு வரவில்லை. மந்திரிகளோடு ஒரே கல்லூரியில் படித்து, ஒரே மேஜையில் உண்டு, ஒரே விதமாகச் சிந்திக்கப் பழகிய பத்திரிகாசிரியருக்கு நேரக்கூடிய கேடு இதுதான்.

பாரிஸ் நகரத்துப் பத்திரிகைகளும் பின்வாங்கவில்லை. பிரெஞ்சு சர்க்காருக்கு நெருங்கியதென்று கருதப்பட்ட "லே தாம்" பத்திரிகையில், ஏப்ரல் மாதத்திலேயே ஜோஸப் பார்த்தலமி என்ற சட்ட ஆசிரியர், செக்கோஸ்லோவேகியாவுக்காக யுத்தம் செய்யப் பிரான்ஸ் சட்டப்படி கடமைப்பட்டதன்று என்று வாதித்து எழுதினார். கொடுத்த வாக்கு மாறாமலிருக்க, அதற்குச் சட்ட நிபுணர் புதிய பொருள் கண்டுபிடித்துவிட்டார்! வாக்கை மீற நினைப்பவன் முதலில் தேடுவது வக்கீலை. இரண்டாவதாகத் தேடுவது பத்திரிகையை.

நள்ளிரவில் வந்த நேசர்கள்

பின்னால் நடந்தவை விரைவில் நடந்தன. செப்டம்பர் 15-ந் தேதி பிரிட்டிஷ் பிரதம மந்திரி சேம்பர்லேன் ஆகாய விமானமேறிச் சென்று ஹிட்லரைக் கண்டார். ஜெர்மானியர் பெரும்பான்மையாக வாழும் ஜில்லாக்களை ஜெர்மனிக்குக் கொடுத்துவிடும்படி பிரிட்டனும் பிரான்ஸும் 19-ந் தேதி பிராகாவுக்கு யோசனை கூறின. செப்டம்பர் 7-ந் தேதி தலையங்கத்தில் "சில வட்டாரங்களின்" யோசனையாக இருந்தது, பன்னிரண்டே நாட்களில் இரண்டு வல்லரசுகளின் யோசனையாகிவிட்டது. மறுநாள் செக் சர்க்கார் மறுத்து, மத்தியஸ்தத்துக்கு விடும்படி கேட்டது. 21-ந் தேதி விடியுமுன், இரவு 2 மணிக்கு, பிரிட்டிஷ் ஸ்தானிகரும் பிரெஞ்சு ஸ்தானிகரும் சேர்ந்து சென்று பெனேஷைக் கண்டார்கள். ஒப்புக்கொள்ளாவிடில் வரும் யுத்தத்துக்குச் செக்கோஸ்லோவேகியாவே பொறுப்பு. பிரான்ஸ் துணைக்கு வராது. இதுவே அவர்கள் கொண்டுவந்த செய்தி. பகைவன் பகலில் மிரட்டினான். நேசர்கள் நடுநிசியில் வந்து கழுத்தைப் பிடித்தார்கள். அன்று மாலை பிராகா பணிந்தது.

ஜனங்கள் பணியவில்லை. பிராகாத் தெருக்களில் லட்சக்கணக்கானவர் திரண்டனர். மறுநாள் ஹோட்ஸாவின் மந்திரி சபை விழுந்து, ஜெனரல் ஸிரோவியின் தலைமையில் புதிய சர்க்கார் ஏற்பட்டது. 23-ந் தேதி இரவு படைதிரட்டும் உத்தரவு பிறந்ததும் பத்து லட்சம் பேர் ஆயுதமேந்த ஓடிவந்தார்கள். ஆனால் செப்டம்பர் 29-ந் தேதி மியூனிக் நகரத்தில் ஹிட்லர், முஸோலினி, சேம்பர்லேன், தலாதியே ஆகிய நால்வர் கூடி, அந்நாட்டைக் கூறு போட்டார்கள். கூறு போடப்படும் நாட்டின் பிரதிநிதிகள் இருவரை ஹோட்டல் அறையில் காத்திருக்க வைத்தார்கள். கூட்டம் முடிந்தபின், நடுநிசி கழிந்த வேளையில், அவர்களைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள்.

புகழ்ந்தவரும் மறுத்தவரும்

லண்டனில் சேம்பர்லேனுக்குக் கிடைத்த வரவேற்பு வெற்றி வீரர்களுக்கும் கிடைத்ததில்லை. இவ்வருஷமும் அடுத்த வருஷமும் பிரிட்டன் ஐரோப்பிய யுத்தத்தில் சிக்காது என்று "டெயிலி எக்ஸ்பிரஸ்" உறுதி கூறியது. அவருக்குப் பிரான்ஸில் ஒரு வீடு வாங்கிக் கொடுப்பதற்காகப் பாரிஸில் "பாரி ஸ்வார்" பத்திரிகை நிதி திரட்டியது. பாரிஸிலேயே, "லெ பொபுலேர்" பத்திரிகையில் எழுதிய லியோன் ப்ளூம் மாத்திரம், கோழையின் நிம்மதிக்கும் வெட்கத்துக்கும் நடுவே தம் மனம் தவிப்பதாக ஒப்புக்கொண்டார். அன்று எழுதியவர்களில் உண்மையான வார்த்தை அவருடையதென்றே நமக்குத் தோன்றுகிறது.

மறுத்து எழுதியவர்கள் இல்லாமலில்லை. இங்கிலாந்தில் "மாஞ்செஸ்டர் கார்டியன்", "நியூஸ் கிரானிகிள்" போன்ற பத்திரிகைகள் செக் மக்களுக்காக வாதாடின. "டைம்ஸ்" பத்திரிகையின் பழைய ஆசிரியரான விக்காம் ஸ்டீட் சர்க்காரின் கொள்கையைக் கண்டித்துப் பேசிய செய்திப் படம் ஒன்றைச் சினிமாக் கொட்டகைகளிலிருந்து சர்க்கார் திரைமறைவில் முயன்று எடுக்கச் செய்தது. கடற்படை மந்திரி டஃப் கூப்பர் மியூனிக்கை எதிர்த்து ராஜீனாமாச் செய்து காமன்ஸ் சபையில் பேசியபொழுது, அப்பேச்சைப் பற்றி "டைம்ஸ்" நிருபர் ஆந்தனி வின் எழுதியனுப்பியதை டாஸன் வெளியிடவில்லை. அந்த வாலிபர் உடனே வேலையை விட்டார். பின்னர் யுத்தத்தில் உயிரையும் விட்டார். ஒரு பெரிய பத்திரிகையின் கௌரவத்தை அன்று காப்பாற்றியவர் அதன் ஆசிரியர் அல்லர். வேலையைத் துறந்த நிருபரே.

இந்தியாவின் குரலும் அன்று ஊமையாக இருக்கவில்லை. 1938-ம் வருஷம் ஆகஸ்டில் ஜவஹர்லால் நேரு செக்கோஸ்லோவேகியாவுக்கு நேரில் சென்று பார்த்தார். செப்டம்பரில் "மாஞ்செஸ்டர் கார்டியன்" பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, பிரிட்டிஷ் சர்க்காரின் போக்கைக் கண்டித்தார். காந்தியடிகள் அக்டோபர் மாதத்தில் "ஹரிஜன்" பத்திரிகையில், தாம் செக்காக இருந்தால் என்ன செய்வார் என்பதை எழுதினார். ஹிட்லருக்கு அடிமையாகாமலும், பிறருடைய ஆயுதத்தை நம்பாமலும், ஆயுதமின்றியே எதிர்த்து நின்று, சுதந்திரத்தோடு வாழ்வது அல்லது மடிவது என்பது அவர் காட்டிய வழி. அவ்வழி நாஜிகளிடம் பலித்திருக்குமா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த விவாதத்தில் நாம் இப்பொழுது இறங்கவில்லை. ஆனால் அடிமைப்பட்டிருந்த ஒரு தேசத்தின் தலைவர்கள், தமக்கே சுதந்திரமில்லாத காலத்தில், தூரத்துச் சிறு நாட்டின் சுதந்திரத்துக்காகக் கவலைப்பட்டார்கள். அந்நாட்டைத் தாம் ஒன்றும் அறியாத தூரதேசத்து ஜனங்களின் சச்சரவென்று செப்டம்பர் 27-ந் தேதி ரேடியோவில் பேசியவரோ, அதே ஐரோப்பாவில் ஒரு சாம்ராஜ்யத்தின் பிரதம மந்திரி.

விலை கொடுத்தவர் யார்?

யுத்தத்தைத் தவிர்ப்பதற்காகத்தானே இதெல்லாம் செய்தார்கள் என்று கேட்கலாம். இக்கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. இருபது வருஷங்களுக்கு முன் ஒரு தலைமுறை வாலிபர்களைப் பலிகொடுத்த ஜனங்கள் மீண்டும் யுத்தத்துக்கு அஞ்சியது இயற்கை. லண்டன் தோட்டங்களில் பதுங்கு குழிகள் வெட்டியதும், ஜனங்களுக்கு விஷவாயு முகமூடிகள் கொடுத்ததும் அந்தச் செப்டம்பரில்தான். சமாதானத்தை விரும்பியவர்களை நாம் இகழவில்லை. ஆனால் தன் பொருளைக் கொடுத்துச் சமாதானம் வாங்குவது தியாகம். பிறன் பொருளைக் கொடுத்து வாங்குவது வியாபாரம். அந்த வியாபாரமாவது பலித்ததா?

மியூனிக்குக்குப் பின் ஜெர்மனியோடு போலந்தும் ஹங்கேரியும் சேர்ந்துகொண்டன. அந்நாடு தன் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கையும், ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கையும் இழந்தது. பங்குக்கு வந்த போலந்து பதினொரு மாதங்களில் தானே பலியாயிற்று. 1939-ம் வருஷம் மார்ச் 15-ந் தேதி ஹிட்லரின் படைகள் பிராகாவுக்குள் புகுந்தன. செக்குகள் தமக்கு வேண்டாம் என்று ஆறு மாதங்களுக்கு முன் மேடையில் முழங்கியவர் அவர்தான். பிரான்ஸுக்குத் துணையாக நின்றிருக்க வேண்டிய முப்பதுக்கு மேற்பட்ட டிவிஷன்கள் கலைந்து போயின. செக் தொழிற்சாலைகளில் செய்த டாங்கிகள் 1940-ம் வருஷம் மே மாதத்தில் பிரான்ஸின் எல்லையைக் கடந்து வந்தன. நேசனைக் கைவிட்டவனின் வாசலுக்கு நேசனின் ஆயுதமே பகைவன் கையில் வந்து நின்றது! 1942-ல் பிரிட்டனும், டிகோலின் சுதந்திர பிரான்ஸும் மியூனிக் ஒப்பந்தம் தம்மைக் கட்டுப்படுத்தாதென்று அறிவித்தன. அறிவிப்பு நியாயமானதே. ஆனால் இறந்தவர்களுக்கு அது எட்டவில்லை.

பிராகாவின் பத்திரிகைக்காரர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். "லிடோவே நோவினி" பத்திரிகையில் எழுதிவந்த பேராசிரியர்களும் நாவலாசிரியர்களும் பலர். அவர்களில் புகழ்பெற்ற காரெல் சாபெக், மியூனிக்கினால் மனமுடைந்து, 1938-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தில் காலமானார். அதே பத்திரிகையில் சித்திரம் வரைந்து எழுதிவந்த அவருடைய சகோதரர் யோஸெப் 1945-ல் நாஜிச் சிறைமுகாமில் இறந்தார். "பிரீடோம்னோஸ்ட்" என்னும் பத்திரிகையின் ஆசிரியர் பெர்டினாண்ட் பெரூட்கா யுத்த காலத்தைப் புகன்வால்ட் முகாமில் கழித்தார். அவருடைய பத்திரிகையில் எழுதி வந்த மிலேனா யேசென்ஸ்கா என்ற மாது 1944-ம் வருஷம் ராவன்ஸ்ப்ரூக் முகாமில் உயிர் துறந்தார். லண்டனில் தலையங்கத்தை வெளியிட்ட ஆசிரியர் 1941 வரையில் அதே நாற்காலியில் அமர்ந்திருந்தார். பேனா ஒருவருடையது, தலை வேறொருவருடையது.

வேறொரு கதை

வல்லரசின் பத்திரிகை எப்பொழுதும் இப்படித்தான் இருக்குமோ என்று வாசகர்கள் சோர்வடைய வேண்டாம். 47 வருஷங்களுக்குப் பின் நடந்த வேறொரு கதையைக் கேளுங்கள்.

சுமார் 33 லட்சம் ஜனங்கள் வசித்த நியூஸிலாந்து, 1984-ம் வருஷத் தேர்தலில் டேவிட் லாங்கேயின் தொழிற் கட்சியை ஆட்சியில் அமர்த்தியது. அணு ஆயுதம் உண்டா இல்லையா என்று சொல்ல மறுக்கும் கப்பலுக்கு எங்கள் துறைமுகத்தில் இடமில்லை என்று கூறி, 1985-ம் வருஷம் பிப்ரவரியில் அமெரிக்க யுத்தக் கப்பல் ஒன்றின் வருகையை அது மறுத்தது. அமெரிக்கா அதன் பழைய நேச தேசம். 1951-ம் வருஷத்து உடன்படிக்கையால் கட்டுண்ட துணைவன். நெருக்கடி பலமாக வந்தது. 1986-ம் வருஷம் ஆகஸ்டில், உன்னைக் காக்கும் கடமை இனி எமக்கில்லை என்று அமெரிக்கா கூறிவிட்டது. நியூஸிலாந்து அசையவில்லை. 1987-ம் வருஷம் ஜூன் மாதத்தில் தன் கொள்கையைச் சட்டமாகவே செய்தது. 2016-ல் அமெரிக்க யுத்தக் கப்பல் மறுபடியும் அந்நாட்டுக் கரைக்கு வந்தபொழுதும், சட்டம் மாறாமலே இருந்தது.

இதற்கிடையில், 1985-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி இரவு, பசிபிக் சமுத்திரத்தில் பிரான்ஸ் நடத்திய அணுகுண்டுப் பரீட்சைகளைக் கண்டிக்கப் புறப்படவிருந்த "ரெயின்போ வாரியர்" என்ற கப்பலை ஆக்லாந்து துறைமுகத்தில் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். புகைப்படக்காரர் ஒருவர் மாண்டார். பிரெஞ்சு உளவாளிகள் இருவர் அகப்பட்டார்கள். பிரெஞ்சு சர்க்கார் தனக்குச் சம்பந்தமில்லை என்று சாதித்தது. அந்தச் சாதனையை உடைத்தது யார்? பாரிஸ் நகரத்து "லெ மோந்து" பத்திரிகை. பிரெஞ்சு ராணுவத்தைச் சேர்ந்த மூன்றாவது குழு ஒன்றே குண்டு வைத்ததென்று செப்டம்பர் 17-ந் தேதி அது வெளியிட்டது. மூன்று நாட்களில் யுத்த மந்திரி ஹெர்னு ராஜீனாமாச் செய்தார். 22-ந் தேதி பிரதம மந்திரி ஃபாபியூஸ் உண்மையை ஒப்புக்கொண்டார்.

வல்லமையின் அக்கிரமம் அத்தோடு ஓயவில்லை. நியூஸிலாந்தின் ஜீவனம் வெண்ணெய் வியாபாரத்தில் இருந்தது. ஐரோப்பியச் சந்தையில் பிரான்ஸின் கை ஓங்கியிருந்தது. 1986-ல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் காரியதரிசி அளித்த தீர்ப்பின்படி பிரான்ஸ் மன்னிப்புக் கேட்டு 70 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுத்தது. பத்து வருஷத் தண்டனை பெற்ற உளவாளிகளோ பசிபிக் தீவு ஒன்றில் மூன்று வருஷம் இருந்தால் போதும் என்றாயிற்று. அந்த மூன்று வருஷத்தையும் முடிக்காமலே அவர்கள் பிரான்ஸ் திரும்பினார்கள். ஆயினும் உண்மை வெளிவந்தது. வெளிவந்த உண்மையே சிறு நாட்டுக்குக் கோட்டையாயிற்று.

இரண்டு கதைகளையும் சரிசமமாக வைத்துப் பார்ப்பது நியாயமன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். நியூஸிலாந்தைச் சுற்றிக் கடல் இருந்தது. செக்கோஸ்லோவேகியாவைச் சுற்றி ஹிட்லர் இருந்தார். நேசன் கைவிட்டால் ஒன்றுக்கு நஷ்டம், மற்றொன்றுக்கு மரணம். ஆனால் பத்திரிகையின் கடமை விஷயத்தில் வித்தியாசமில்லை. 1938-ல் லண்டன் பத்திரிகை தன் சர்க்கார் சொல்லத் தயங்கியதைத் தான் முந்திக்கொண்டு சொன்னது. 1985-ல் பாரிஸ் பத்திரிகை தன் சர்க்கார் மறைக்க விரும்பியதை வெளியில் எடுத்துச் சொன்னது. முன்னது தேசபக்தி என்று அன்று பேர் வாங்கியது. பின்னதைத் தேசத்துரோகம் என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். எது தன் தேசத்தின் மானத்தைக் காத்தது என்பதைக் காலம் தீர்த்துவிட்டது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை

ஆகவே, ஏதோ ஒரு சிறு நாடு பிடிவாதம் செய்கிறது, விட்டுக்கொடுத்தால் உலகம் நிம்மதியடையும் என்று எந்தப் பத்திரிகையாவது எழுதக் கண்டால், வாசகர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். விட்டுக்கொடுக்கச் சொல்லும் பொருள் யாருடையது? அப்படிச் சொல்லுகிறவர் தம் பொருளில் எதையாவது விட்டுக்கொடுக்கிறாரா? "சில வட்டாரங்கள்" என்று மூடி மறைத்திருக்கும் முகம் யாருடையது? இக்கேள்விகளை எந்தப் பத்திரிகைக்கும் போடலாம். நம் பத்திரிகைக்கும் போடலாம். பெரிய தேசத்தில் பிறந்தவர்கள் நாம். நம்மைச் சுற்றிலும் நம்மினும் சிறிய தேசங்கள் இருக்கின்றன. அவற்றின் விஷயத்தில் நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் இதே நிறைகோல்தான்.

சிறு நாடு நேசத்தை நாட வேண்டியதுதான். தனித்து நிற்க எல்லோராலும் முடியாது. ஆனால் நேசம் வேறு, அடைக்கலம் வேறு. தன் காரியத்தைத் தானே நிச்சயிக்கும் உரிமையை அடகு வைத்து வாங்கும் நேசம், கடன்காரனுக்குக் கிடைக்கும் மரியாதையைப் போன்றது. தவணை வரும் வரையில்தான் அது செல்லும்.

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஆசையுள்ளவர்கள் உடைக்கட்டும். தங்கள் மடியிலிருந்து காசு கொடுத்து வாங்கி உடைக்கட்டும். கடைக்காரன் சிறியவன் என்பதற்காக, அவன் தேங்காயில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை. இதைச் சொல்லத் தயங்கும் பேனா எத்தனை அழகாக எழுதினாலும், அதைக் கீழே வைத்துவிடுவதே உத்தமம்.